கேள்வி – பதில்: விளம்பர மீமுக்கும் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. வியாபாரத்துக்காகத் தயாரித்து, இணையத்தில் காட்டுத்தீயாகப் பரவும் மீம்களுக்கு விக்கிப்பீடியாவில் இடம் உண்டா, இல்லையா? அந்தக் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஒரு சாப்பாட்டுக்கடைக்காக நாங்கள் செய்த மீம் பேஸ்புக்கிலும் டிக்டொக்கிலும் எட்டு இலட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. "பார்சலைத் திற, பேச்சை நிறுத்து" என்ற அதன் வசனத்தைப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில்கூடச் சொல்கிறார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதி, ஐந்து இணைப்புகளைச் சான்றாகக் கொடுத்தோம். மறுநாளே நீக்கிவிட்டார்கள். எட்டு இலட்சம் போதாதா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: போதாது. எண்பது இலட்சமாக இருந்தாலும் இதுதான் பதில். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைக் கலைக்களஞ்சியம் கேட்பதில்லை. இந்த மீமோடு கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாதவர்கள் அதைப்பற்றி எங்கே, எவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறார்கள் என்றுதான் கேட்கிறது. தமிழ் விக்கிப்பீடியர்கள் இதைக் 'குறிப்பிடத்தக்கமை' என்பார்கள்.

இந்த விதிக்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. கட்டுரையின் ஒவ்வொரு வரியையும் வெளியார் எழுதியதிலிருந்துதான் எடுக்கவேண்டும். வெளியார் எழுதியது எதுவும் இல்லையென்றால், மீமைச் செய்தவர் தன் வாயால் சொல்வது மட்டுமே மிஞ்சும். அதற்குப் பெயர் விளம்பரம். பார்வைக் கணக்கையும் நம்பமுடியாது. பேஸ்புக்கில் ஒரு காணொளி 3 செக்கன் ஓடினாலே ஒரு பார்வையாக எண்ணப்பட்டு வந்தது. காசு கொடுத்துப் பதிவைப் பலர் கண்ணில் படவைக்கலாம் என்பதும் இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நீங்கள் அனுப்பிய ஐந்து இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலாவது கடையின் சொந்தப் பேஸ்புக் பக்கம். மீம் எந்தத் திகதியில் வெளியானது என்று சொல்ல அது உதவும். மீம் முக்கியமானது என்று சொல்ல உதவாது.

இரண்டாவதும் மூன்றாவதும் இரண்டு செய்தித் தளங்கள். பிரதிகளை அருகருகே வைத்துப் படித்தால் தலைப்பு மட்டும்தான் வேறு. உள்ளே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒன்றேதான். 'வாடிக்கையாளர்' என்ற சொல் இரண்டிலுமே 'வாடிகையாளர்' என்று இருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. படமும் ஒன்று, வெளியான மாலையும் ஒன்று. இது நீங்கள் அனுப்பிய ஊடக அறிக்கை அப்படியே ஏறியது. பிழைகூடத் திருத்தப்படாமல் வந்திருப்பதால், ஆசிரியர் பீடத்தில் யாரும் அதைத் தொடவில்லை என்பது விளங்குகிறது. இப்படி இருபது தளங்களில் வந்தாலும் அது ஒரே குரல்தான், அதுவும் கடையின் குரல்.

நான்காவது ஒரு மீம் பக்கம். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இடம் சான்றாகாது. உலகம் முழுவதும் மீம் பிரியர்கள் பார்க்கும் 'நோ யுவர் மீம்' தளத்தில் பயனர்கள் எழுதும் பதிவுகளையே ஆங்கில விக்கிப்பீடியா இதே காரணத்துக்காக ஏற்பதில்லை.

ஐந்தாவதுதான் பெறுமதியானது. ஒரு நாளிதழ், பெயர் போட்ட பத்திரிகையாளர், யாரும் கேட்காமல் எழுதியது. ஆனால் ஆறு விளம்பரங்களைப் பற்றிய பத்தியில் உங்களுக்கு மூன்று வரி. போகிற போக்கில் ஒரு குறிப்பு. ஒரு கட்டுரையை நீக்குவதா, வைப்பதா என்று விக்கிப்பீடியர்கள் பேசும் நீக்கல் உரையாடல்களில் வழக்கமாக, "உங்களிடம் உள்ள மிகச் சிறந்த மூன்று சான்றுகளைக் காட்டுங்கள்" என்று கேட்பார்கள். உங்களிடம் ஒன்றின் கால்வாசி இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திகதியோடு பத்திரப்படுத்தி வையுங்கள்.

உங்கள் கட்டுரையின் முதல் வரி: "நாட்டையே குலுங்கிச் சிரிக்க வைத்த, அனைவர் நாவிலும் தவழும் புதுமையான விளம்பரம்." சான்று உள்ளதை மட்டும் வைத்து இதைத் திருப்பி எழுதினால், "இது கொழும்பிலுள்ள ஒரு சாப்பாட்டுக்கடையின் இணைய விளம்பரம், ஒரு நாளிதழ்ப் பத்தி இதைக் குறிப்பிட்டுள்ளது" என்பதோடு நின்றுவிடும். அதற்குமேல் ஒரு வரிகூட நீளாத ஒன்றுக்குத் தனிக்கட்டுரை தேவையில்லை.

இனிச் செய்யக்கூடியது என்ன? நீக்கிய நிர்வாகியின் பேச்சுப் பக்கத்தில், உரையை உங்கள் பயனர் பெயரின்கீழ் உள்ள மணல்தொட்டிக்கு (எழுதிப் பழகும் பக்கத்துக்கு) மாற்றித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். அப்பட்டமான விளம்பர நடை என்றால் தர மறுக்கவும்கூடும். அந்த மீமைச் செய்தவர் நீங்கள் என்பதை உங்கள் பயனர் பக்கத்தில் எழுதிவையுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். ஓர் ஆண்டு என்பது எங்கள் கணக்கு. விதியில் அப்படிக் காலம் எதுவும் குறிக்கப்படவில்லை. பரபரப்பு அடங்கிய பிறகும் யாராவது தானாக அதைத் தேடி வந்து எழுதினால், அப்போது பேசலாம். அதுவரை, இலங்கையின் இணைய விளம்பரம் பற்றிய பொதுக் கட்டுரை ஒன்றில் ஒரு வரி போதும். அந்த வரியையும் நீங்களே எழுதாமல், பேச்சுப் பக்கத்தில் முன்மொழியுங்கள்.

கேள்வி: அப்படியானால் வெளிநாட்டு விளம்பர மீம்களுக்கு மட்டும் எப்படி நீள நீளமான கட்டுரைகள் இருக்கின்றன? இது பாரபட்சம் இல்லையா?
– மாணவி ஒருவர், கொட்டாஞ்சேனை

பதில்: நியாயமான கேள்வி. பாதி பாரபட்சம், பாதி இல்லை.

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் ரயில் நிறுவனம் 2012 நவம்பரில் வெளியிட்ட 'டம்ப் வேஸ் டு டை' என்ற பாதுகாப்பு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடக் கார்ட்டூன் பாட்டு. மடத்தனமாகச் சாகும் வழிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில்தான் ரயில் தண்டவாளத்துக்கு வரும். இதுவும் விளம்பரம்தான், இதுவும் வேண்டுமென்றே பரவவிட்டதுதான். ஆனால் 2013 கான் விளம்பர விழாவில் ஐந்து கிராண்ட் பிரி விருதுகள் கிடைத்தன. பத்திரிகைகள் அலசின, விளம்பரத்துறை படிப்பவர்கள் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, அதைக் குறைகூறி எழுதியவர்களும் இருந்தார்கள் என்பது. சாவைப் பகிடியாக்கலாமா, இது உண்மையில் விபத்தைக் குறைத்ததா என்று கேட்டார்கள்.

எதிர்த்து எழுதியவர் இருக்கிறாரா என்று பாருங்கள். எங்கள் அனுபவத்தில் இதைவிட நல்ல உரைகல் இல்லை. விளம்பர நிறுவனம் புகழுரையைக் காசு கொடுத்து வாங்கலாம். தனக்கு எதிரான விமர்சனத்தை வாங்குவதில்லை. விமர்சனம் வந்திருந்தால், யாரோ சுயமாக யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

2004 ஏப்ரலில் பர்கர் கிங் வெளியிட்ட 'சப்சேர்வியன்ட் சிக்கன்' இணையப் பக்கமும் இப்படித்தான். கோழி வேடம் போட்ட ஒருவர், நீங்கள் தட்டச்சு செய்யும் கட்டளைப்படி ஆடுவார், குதிப்பார். நேரலை போலத் தெரிந்தாலும், முன்கூட்டியே எடுத்த முந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகளைக் கட்டளைக்கு ஏற்ப எடுத்துக் காட்டியதுதான். பரவல் விளம்பரம் எப்படித் தொடங்கியது என்று பேச வருபவர்கள் இன்றும் அந்தக் கோழியைத் தொடாமல் போவதில்லை. பார்த்தவர் தொகையால் அல்ல, பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்ப அதை எடுத்துப் பேசியதால்தான் அதற்குக் கட்டுரை.

பாரபட்சம் என்ற மற்றப் பாதி எங்கே என்றால், மெல்பேர்னில் ஒரு விளம்பரம் வந்தால் அதை அலச விளம்பரத்துறைக்கென்றே பத்திரிகைகளும் பத்தியாளர்களும் இருக்கிறார்கள். கொழும்பில் தமிழில் ஒரு மீம் எல்லோர் வாயிலும் புரண்டாலும், அதைப்பற்றி உட்கார்ந்து ஆயிரம் சொல் எழுத ஆள் இல்லை. விக்கிப்பீடியாவின் விதியைத் தளர்த்தி இந்தக் குறையை நிரப்ப முடியாது. பத்திரிகைகள்தான் நிரப்பவேண்டும், நாங்கள் உட்பட. ஊடகக் கற்கை படிக்கும் மாணவியாக இருந்தால், உங்கள் ஆய்வுக் கட்டுரைக்கு இதையே எடுங்கள்.

கேள்வி: காண்டிராக்டர் நேசமணி மீமுக்குக் கட்டுரை எழுதினால் நிற்குமா?
– வாசகர் ஒருவர், தெஹிவளை

பதில்: நிற்கும் என்பது எங்கள் கருத்து. எப்படி எழுதுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

2019 மே மாத இறுதியில் நடந்தது அது. பேஸ்புக் பக்கம் ஒன்று சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர், இது சுத்தியல், இதனால்தான் நேசமணியின் தலை உடைந்தது என்று, வடிவேலு நடித்த பாத்திரத்தை உண்மை மனிதர் போல எழுதினார். இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் கேட்க, அவருக்காகப் பிரார்த்திக்கும்படி எழுந்த ஹேஷ்டேக் டுவிட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. இந்தியப் பிரதமர் இரண்டாம் முறை பதவியேற்ற 30ஆம் திகதியை ஒட்டி அது நடந்ததால் இந்திய ஊடகங்கள் மட்டுமல்ல, பிபிசி போன்றவையும் இது என்ன என்று விளக்கி எழுதின.

எந்த நிறுவனமும் திட்டமிட்டுத் தொடங்கியதல்ல இது. வியாபாரப் பெயர்கள் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டன. உங்கள் கட்டுரையில் இந்த இரண்டையும் கலக்காதீர்கள். தோற்றம் ஒரு பத்தி, பரவல் ஒரு பத்தி, நிறுவனங்கள் பயன்படுத்திக்கொண்ட விதம் அதிகம் போனால் மூன்று வரி. எந்தெந்தக் கடை என்ன பதிவு போட்டது என்று பட்டியல் போட்டீர்களானால் கட்டுரை அந்தக் கடைகளின் விளம்பரப் பலகையாகிவிடும். டுவிட்டர் பதிவுகளையே சான்றாக அடுக்குவது அடுத்த தவறு. ஹேஷ்டேக் முன்னணியில் இருந்தது என்பதற்கு ஸ்கிரீன்ஷொட் வேண்டாம், அதைச் சொன்ன செய்தியை மேற்கோளாகக் கொடுங்கள்.

கேள்வி: 'மீம்' என்று எழுதுவதா, 'போன்மி' என்று எழுதுவதா?
– வாசகர் ஒருவர், வத்தளை

பதில்: ரிச்சர்ட் டோக்கின்ஸ் 1976இல் இந்தச் சொல்லை உருவாக்கியபோது, போலச்செய்தல் என்ற பொருளுள்ள கிரேக்க மூலத்தைச் சுருக்கினார். 'போன்மி' அந்தப் பொருளை அழகாகப் பிடிக்கிறது. ஆனாலும் தலைப்பில் மக்கள் தேடும் சொல் இருக்கட்டும். 'போன்மி'யிலிருந்து ஒரு வழிமாற்று போட்டுவிட்டால் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேருவார்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் கட்டுரை நிராகரிக்கப்பட்ட சில நாட்களில் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். தான் விக்கிப்பீடியா நிர்வாகி என்றும், பணம் கட்டினால் கட்டுரையை ஏற்றி, மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தால் நீக்காமல் பார்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார். நம்பலாமா?
– வர்த்தகர் ஒருவர், கொழும்பு 11

பதில்: நம்பவேண்டாம். ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அந்த மின்னஞ்சலை அழிக்கவும் வேண்டாம்.

இது பழைய வித்தை. 2015 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியா 381 கணக்குகளை ஒரே மூச்சில் தடைசெய்தது. 'ஒரேஞ்மூடி' விவகாரம் என்பார்கள். அந்தக் கும்பல் நிராகரிக்கப்பட்ட வரைவுகளைத் தேடிப் பிடிக்கும். வரைவு யாருடையதோ அந்தச் சிறு வியாபாரிக்கு எழுதி, பணம் வாங்கிக்கொண்டு கட்டுரையை ஏற்றும். பிறகு 'பாதுகாப்புக்கு' மாதக்கட்டணம் கேட்கும். உங்களுக்கு வந்த கடிதம் வரிக்கு வரி அதே அச்சு. நிராகரிப்புகள் எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் கிடப்பதால், உங்கள் விவரத்தை எடுக்க அவர் நிர்வாகியாக இருக்கவேண்டிய தேவையில்லை.

கட்டுரை நீங்காது என்று உறுதி கொடுக்கும் அதிகாரம் எந்த நிர்வாகிக்கும் கிடையாது. கூலிக்கு எழுதுவது முற்றாகத் தடைசெய்யப்பட்டதுமல்ல. ஆனால் 2014 ஜூனிலிருந்து விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளின்படி, யார் பணம் கொடுக்கிறார், யாருக்காக எழுதுகிறார் என்பதை எழுதுபவர் வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் கணக்கும் போகும், கட்டுரையும் போகும். உங்கள் பணமும் திரும்பாது.

இன்னொன்று. கூகுள் தேடலில் மேலே வரலாம் என்ற நம்பிக்கையில் பலர் இதில் இறங்குகிறார்கள். விக்கிப்பீடியாவின் வெளியிணைப்புகளைத் தேடுபொறிகள் பரிந்துரையாகக் கொள்ளாதபடி 2007 முதல் குறியிட்டிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் உங்கள் இணையத்தளத்தில் கடையின் முகவரி, திறக்கும் நேரம், விலைப்பட்டியல் மூன்றையும் ஒழுங்காகப் போடுங்கள்.

கேள்வி: நீக்கல் உரையாடலில் நாற்பது நண்பர்களைச் சேர்த்து 'வைத்திருக்கவேண்டும்' என்று எழுதவைத்தால்?
– வாசகர் ஒருவர், பம்பலப்பிட்டி

பதில்: எதிர்விளைவுதான் வரும். அது வாக்கெடுப்பு அல்ல. சொல்லப்படும் காரணத்தைத்தான் எடைபோடுவார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் உரையாடல் வழக்கமாக 7 நாட்கள் நடக்கும். அன்றைக்குத்தான் கணக்குத் திறந்து, அந்த ஒரு பக்கத்தில் மட்டும் எழுதிய நாற்பது பேரை, யார் எப்போது எழுதினார் என்று காட்டும் தொகுப்பு வரலாற்றில் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். நாற்பது பேருக்குப் பதில், ஒருவர் நல்ல சான்று ஒன்றுடன் வந்தால் முடிவு மாறும்.

கேள்வி: விக்கிப்பீடியாவையே விளம்பரத்துக்குப் பயன்படுத்திய நிறுவனங்கள் உண்டா?
– வாசகி ஒருவர், கொழும்பு 13

பதில்: உண்டு. 2017 ஏப்ரலில் பர்கர் கிங்கின் 15 செக்கன் தொலைக்காட்சி விளம்பரம், வீட்டில் உள்ள கூகுள் கருவியைக் கூப்பிட்டு 'வொப்பர்' பர்கர் என்றால் என்ன என்று கேட்டது. கருவி விக்கிப்பீடியாக் கட்டுரையின் முதல் வரியை வாசிக்கும். அந்த வரி சில நாட்களுக்கு முன்னரே விளம்பர வாசகமாக மாற்றப்பட்டிருந்தது. விளம்பரம் ஒளிபரப்பானதும் வேறு பலரும் கட்டுரைக்குள் புகுந்து, பர்கரில் நஞ்சு இருக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். சில மணித்தியாலங்களில் கூகுள் அந்தக் குரலுக்குப் பதில் சொல்வதை நிறுத்தியது. 2019இல் பிரேசிலில் நோர்த் ஃபேஸ் நிறுவனத்துக்காக, சுற்றுலா இடங்கள் பற்றிய கட்டுரைகளின் படங்களை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அந்த நிறுவனத்தின் உடையோ பையோ தெரியும் படங்களைப் போட்டார்கள். விடயம் வெளியே வந்ததும் தொண்டர்கள் அவற்றை அகற்றினார்கள், நிறுவனமும் அந்த வேலையைக் கைவிட்டது. பொதுக் கிணற்றில் கடைப்பெயரை எழுதிய வேலை இது; எங்களால் இதை ரசிக்க முடியவில்லை.

கேள்வி: மீம் படத்தையே கட்டுரையில் ஏற்றலாமா?
– வாசகர் ஒருவர், கல்கிசை

பதில்: எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றமுடியாது. பெரும்பாலான மீம்களின் அடியில் ஒரு படக்காட்சியோ யாரோ எடுத்த புகைப்படமோ இருக்கும். மேலே எழுத்து போட்டதால் உரிமை உங்களுக்கு வராது. உரிமையாளரின் அனுமதி இல்லாமலே ஓரளவு பயன்படுத்த இடம் தரும் நியாயப் பயன்பாட்டு அடிப்படையில், சிறிய அளவில், ஒரே ஒரு படத்தை அந்தந்த மொழி விக்கிப்பீடியாவிலேயே ஏற்ற வழி இருக்கிறது. ஏன் அது இல்லாமல் விளங்காது என்று காரணம் எழுதவேண்டும். படத்தைச் சொற்களால் விவரிக்க முடியுமானால் அதுவே நல்லது.

கேள்வி: மீம் என்ற சொல்லே இல்லாத காலத்தில், இலங்கை வானொலி வர்த்தக சேவையின் விளம்பர வரிகளைத் தெருவெல்லாம் முணுமுணுத்தார்கள். அவற்றைப் பதிவுசெய்ய முடியாதா? சான்று எங்கே தேடுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மட்டக்குளி

பதில்: ஐயா, வந்த கடிதங்களில் எங்களை மிகவும் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான். அந்த விளம்பர வரிகள் அந்தக் காலத்து மீம்களே. அளவுகோலும் அதேதான்: நினைவு சான்றாகாது, அச்சில் வந்தது சான்றாகும். உங்களுக்குச் சாதகம் என்னவென்றால், காலம் ஏற்கெனவே சலித்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் யாராவது எழுதியிருந்தால் அது விளம்பர நிறுவனத்தின் வேலையாக இருக்காது.

முதலில் நூலகம் இணையத்தளத்தைப் பாருங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் அங்கே ஏற்றப்பட்டு வருகின்றன. வானொலிக் கலைஞர்களின் நினைவுக் கட்டுரைகள், பாராட்டு மலர்கள், ஆண்டு மலர்கள் என்று தேடுங்கள். விளம்பரத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பிறகு வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். வீரகேசரி, தினகரன் பழைய இதழ்களுக்குக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகம் அல்லது தேசிய நூலகம். போகுமுன் எந்த மாதம், எந்த ஆண்டு என்று குறுக்கிக்கொண்டு போங்கள். ஒரு நாளில் சில மாதத்து இதழ்களுக்குமேல் கண் தாங்காது. சிங்களப் பத்திரிகையில் வந்ததும் தமிழ்க் கட்டுரைக்குச் சான்றாகும், மொழி தடையில்லை.

பிரசுரமான விளம்பரத்தை மட்டும் பிரதி எடுத்தால், அப்படி ஒரு விளம்பரம் வந்தது என்பதற்கே அது சான்று. மக்கள் அதை முணுமுணுத்தார்கள் என்பதற்கு வேறொருவர் எழுதிய பத்தி வேண்டும். இணையத்தில் கிடைத்ததை, இணையப் பக்கங்களின் பிரதிகளைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் உடனே சேமித்து, அந்த முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்று இருக்கும் தளம் அடுத்த வருடம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பத்திரிகையில் பிரதி எடுக்கும்போது, பெயரும் திகதியும் பக்க எண்ணும் உள்ள மேல்விளிம்பையும் சேர்த்து எடுங்கள். வெட்டி எடுத்த துண்டில் அவை இல்லையென்றால் அதே பக்கத்தைத் தேடி இன்னொரு நாள் போகவேண்டி வரும்.